நாலு விரல் வெள்ளை

அந்தக் கண்காட்சிக் கையேட்டின் முதல் வரியே பொய். "தனிமையில் வாழ்ந்து, தனிமையில் படைத்த பாப் ஓவியக் கலைஞர், சமூகப் போராளி" என்று வழவழத் தாளில் அச்சடித்திருக்கிறார்கள். தனிமையாம்! பத்தொன்பது வருஷம் என் வீட்டில், இரண்டே அறையில், ஒரே குளியலறைக்கு எங்களோடு வரிசையில் நின்ற மனுஷி அவள். என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நாத்தனார். காலையில் அவள் குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டாள். விரலில் ஒட்டிய மையைச் சுரண்டிக்கொண்டே இருப்பாள். வேலைக்கு நேரமாகிறதே என்று நான் வெளியிலிருந்து தட்டிய தட்டில் தாழ்ப்பாள் இரண்டு தடவை கழன்று விழுந்தது. இதில் தனிமைக்கு எங்கே இடம்?

சரி, கையேடு எழுதியவனுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

அண்ணி வேலை செய்தது ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். படம் எங்கே விழ வேண்டுமோ அங்கே மட்டும் துணி திறந்திருக்கும், மற்ற இடம் அடைத்திருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ஒரு நிறத்துக்கு ஓர் இழுப்பு, மூன்று நிறமென்றால் மூன்று. இப்படி ஒரு நாளைக்கு ஆயிரம் பை அடிப்பாள். ஊரிலேயே பெரிய ஆறு மாடி ஜவுளிக்கடையின் பைகளும் தள்ளுபடிப் பலகைகளும் அந்தப் பட்டறையில்தான் அச்சாகும். நான் அதே ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடியில், போர்வைப் பிரிவில், விற்பனைப் பெண். அதனால் அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "என்ன மூணாம் மாடி, சாப்டியா?" என்பாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் சிவப்பும் நீலமுமாக இருக்கும் கையை நீட்டுவாள். "இந்தக் கையை எவன் பிடிப்பான், நீங்களே சொல்லுங்க."

பட்டறையில் மிஞ்சும் மையை டப்பாவில் வழித்துக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பின் அறை அவளுடைய பட்டறையாகிவிடும். ஓரம் வெட்டிய தாள்களில் சுவரொட்டி அடிப்பாள். படமெல்லாம் கடைவீதியில் பார்ப்பதுதான். சோப்பு உறை, பற்பசைச் சிரிப்பு, தள்ளுபடி நட்சத்திரம், ஐஸ்கிரீம் நிறங்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் வெறுங்கையால் ஊசிகளை அள்ளுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு ரப்பர் கையுறையை ஆரஞ்சு நிறத்தில் அடித்தாள். பன்னிரண்டு கையுறைகள், வரிசையாக, மிட்டாய் விளம்பரம் மாதிரி. "புதிய வரவு! இன்னும் வரவில்லை!" என்று மேலே எழுத்து. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கிட்டே போய்ப் படித்தார்கள். படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன் அண்ணி, கஷ்டத்தைப் போய் இப்படிக் கலர் கலரா அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கடைக்காரன் நம்ம கண்ணைப் பிடிச்சு இழுக்கக் கயிறு திரிச்சு வெச்சிருக்கான். நல்ல கயிறு. அவன் மட்டும்தான் இழுக்கணுமா? நானும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறேனே."

இன்னொரு பொய்யையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் படங்களில் நிறம் எப்போதும் கோட்டைத் தாண்டி ஒரு நூல் வலது பக்கம் நகர்ந்திருக்கும். கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் முழுக்க விளக்கம்: "எல்லைகளை மீறும் நிறம்", "ஒழுங்கின் மறுப்பு". ஒரு மண்ணும் இல்லை. எங்கள் வீட்டுச் சட்டத்தின் கீல் தேய்ந்து ஆடியது, அவ்வளவுதான். "இதை மாத்தித் தொலைடா" என்று தம்பியிடம் அவள் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவர் கடைசிவரை மாற்றவில்லை. என் வீட்டுக்காரரின் சோம்பேறித்தனம் இன்று கலையாகிவிட்டது.

அவளுடைய உண்மையான வேலை வேறு. ஒவ்வொரு சுவரொட்டியிலும் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டுவிடுவாள். ஒட்டும்போது பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் நூல் கட்டி ஒரு பென்சிலைத் தொங்கவிடுவாள். பசையை வேண்டுமென்றே நீர்க்கக் காய்ச்சுவாள், அதுவும் என்னுடைய பால் பாத்திரத்தில். எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! "கெட்டியாக் காய்ச்சினா உரிக்கும்போது கிழிஞ்சிடும்" என்பாள். நாலைந்து நாள் கழித்துப் போய், தாளைக் கிழியாமல் உரித்து, சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். வெள்ளையில் ஜனங்கள் எழுதியதைத் தரையில் விரித்துப் படிப்பாள். அடுத்த சுவரொட்டி அதிலிருந்து பிறக்கும். "ஒட்டுறது பாதி வேலை. உரிக்கிறதுதான் மீதி" என்பாள். உரித்தவையெல்லாம் என் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தன. கலைக்கூடம் கொண்டாடுகிறதே, அந்தப் படம் பாதிதான். மீதிப் பாதி அந்த வெள்ளையில் இருந்தது. அதனால்தான் நான் இத்தனையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

எங்கள் ஜவுளிக்கடையில் காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடைக்குக் களை போய்விடுமாம். சுவரில் சாய்ந்தாலும் மேற்பார்வையாளர் வந்துவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு. மாடிக்கு மாடி கேமரா வேறு. எனக்கு அப்போது எட்டாம் மாசம். சாயங்காலமானால் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதது போல வீங்கிவிடும். வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அண்ணி வெந்நீர் வைத்து என் காலைப் பக்கெட்டில் விடுவாள். ஒன்றும் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம், ஏதோ தயாராகிறது என்று அர்த்தம்.

ஒரு காலையில் வேலைக்குப் போகிறேன், ஊழியர்கள் நுழைகிற பின்வாசல் சந்தில் பளீரென்று ஒரு சுவரொட்டி. ஒன்பது நாற்காலிகள், ரோஜா நிறம், தள்ளுபடி நட்சத்திரத்தோடு. "இன்றே உட்காருங்கள்! இருப்பு இல்லை!" என்று எழுத்து. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கால் குட்டை, அதற்கடியில் மடித்த அட்டை. எனக்குப் பகீரென்றது. அது எங்கள் வீட்டுச் சமையலறை நாற்காலி. அட்டையை மடித்து வைத்ததே நான்தான்.

அன்று சாயங்காலம் அவளைப் பிடித்துக் கத்தினேன். "என் வேலைக்கு உலை வெச்சுட்டீங்களே அண்ணி! பிரசவச் செலவுக்கு நான் எங்கே போவேன்?"

"அந்தச் சந்துல இருக்கிறது நாற்காலிதானே. உன் பேரா இருக்கு?" என்றாள். "இஷ்டம் இருந்தா எழுது. இல்லாட்டி விடு."

முதல் நாள் யாரும் எழுதவில்லை. காரணம் இருந்தது. துண்டுச் சீட்டில் பில் எழுதுவது நாங்கள்தான். தினமும் அத்தனை சீட்டையும் கழுகு புரட்டுவார். யார் கையெழுத்து எதுவென்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டாம் நாள், திரைச்சீலைப் பிரிவில் இருந்த ஒருத்தி, நெட்டை என்று கூப்பிடுவோம், பென்சிலை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு எழுதினாள். கோணல்மாணலாக, எறும்பு ஊர்ந்த மாதிரி. எழுதிவிட்டுத் தன் எழுத்தைப் பார்த்துத் தானே சிரித்தாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நாலு நாளில் இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று இடது கைகள்.

அவற்றில் பல இன்னும் எனக்கு மனப்பாடம். "எங்க வீட்டு நாய்கூட உட்காரும்." இது நெட்டை எழுதியது. "துணி மாட்டுற பொம்மைக்கே ஸ்டாண்டு இருக்கு." "பாத்ரூம்ல போய் உட்காருவேன். அங்கேயும் கதவைத் தட்டுறாங்க." "முட்டி போச்சு. வயசு இருபத்தி ஆறு." கடைசி நாள் காலையில் நானும் எழுதினேன். வலது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன், இடது கையில் பென்சில். "எட்டாம் மாசம். சாயச் சுவர்கூட இல்லை."

அண்ணி அதை உரித்துச் சுருட்டி, பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஆய்வாளர் ஏற்கெனவே ஒருமுறை கடைக்கு வந்து, முதலாளி அறையில் காப்பி குடித்து, "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனவர். அவர் மேஜையில் தாளை விரித்து நாலு மூலையிலும் அவருடைய கோப்புகளையே பாரமாக வைத்தாளாம். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாராம். "இதென்ன எழுத்து இப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "பயந்த எழுத்து சார். அப்படித்தான் இருக்கும்" என்றாளாம். மறுநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து மூன்றாம் மாடியில் காலையிலிருந்து மத்தியானம் வரை எங்களோடு நின்றார். இரண்டு மணிக்கு, "எனக்கு உட்காரணும், எங்கே உட்காரலாம்?" என்று கழுகைக் கேட்டார். கழுகு சுற்றும் முற்றும் பார்த்தார். காட்ட ஓர் இடம் இல்லை.

ஸ்டூல்கள் வந்தன. நாற்பது பேருக்குப் பதினாலுதான், ஆனாலும் வந்தன. பிள்ளை பெற்று, திரும்ப வேலைக்குப் போய், முதல் தடவை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சாதாரண மரஸ்டூல். அதற்குப் போய் அழ வைத்துவிட்டார்களே என்று கோபமும் வந்தது.

ஆறு மாதத்தில் பட்டறை முதலாளி அண்ணியை வீட்டுக்கு அனுப்பினார். ஜவுளிக்கடைதான் அவருக்குப் பெரிய வாடிக்கை. "நீங்க இருந்தா எனக்குப் பை வராதும்மா" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்கள் பின் அறைதான் அவளுக்கு வாரம் ஏழு நாளும் பட்டறை. மருந்துக்கடைப் பைகள், முகவரி அட்டைகள், இடையில் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் பஸ் நடத்துநர்களுக்கும் சுவரொட்டிகள். ஜன்னல் ஒன்றே ஒன்று. மை கழுவும் மண்ணெண்ணெய் வாடையிலேயே கிடந்து, கடைசியில் மூச்சு அவளைக் கைவிட்டது. உயிரோடு இருந்த காலத்தில் கலைக்கூடத்து ஆள் ஒருத்தர்கூட எங்கள் படியேறி வந்ததில்லை.

செத்துப் பத்து வருஷம் கழித்து வந்தார்கள். கண்காட்சிப் பொறுப்பாளர் ஒருவர், மிக மரியாதையான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றினார். தகரப் பெட்டியைத் திறந்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பொக்கிஷம்மா!" என்றார். எலி கடிப்பதற்கு முன்னால் கொடுத்துவிடலாம் என்றாள் என் மகள். நான் ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். "எதையும் அழிக்கக் கூடாது."

"அழிக்கிறதா? பாதுகாக்கத்தான் எடுத்துட்டுப் போறோம்" என்றார்.

நானும் நம்பினேன்.

திறப்பு விழாவுக்குக் கார் அனுப்பினார்கள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆதரவு வழங்குபவர் என்று பெரிய எழுத்தில் அதே ஜவுளிக்கடையின் பெயர். பழைய முதலாளியின் மகன் மேடையில் நின்று, "இவர் நம் ஊழியர் குடும்பத்தின் குரல்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். பையில் அண்ணியின் ரோஜா நிற நாற்காலி. அதற்குக் கீழே, ஜனங்கள் எழுத வேண்டும் என்று அவள் விட்ட அந்த நாலு விரல் வெள்ளையில், கடையின் பெயர்.

போகட்டும், பைதானே, என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தின் நடுச்சுவரில் எங்கள் சுவரொட்டி. தெருவில் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று கண்ணாடிகூடப் போடவில்லையாம், பெருமையாகச் சொன்னார்கள். பக்கத்தில் ஆணி, நூல், பென்சில் எல்லாம் தொங்கியது. புதுப் பென்சில், சீவக்கூட இல்லை. "தொடாதீர்கள்" என்று ஒரு பலகை. கிட்டே போனேன். ஒன்பது நாற்காலிகளும் இருந்தன. கீழே வெள்ளை, பால் போல வெறும் வெள்ளை.

பொறுப்பாளரைத் தேடி அவருடைய அறைக்கே போனேன்.

"எழுத்தெல்லாம் எங்கே?"

"எந்த எழுத்தும்மா?" என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, அந்தக் கிறுக்கலா! சின்னப் பசங்க யாரோ கிறுக்கி வெச்சிருந்தாங்க. எல்லா எழுத்தும் கோணல். எங்க நிபுணர் மூணு வாரம் உட்கார்ந்து, மெத்துன்னு ஒரு ரப்பரை வெச்சு, தாள் கொஞ்சம்கூட நோகாம எடுத்துட்டார். இப்போ பாருங்க, அவங்க அச்சடிச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"படிக்கிற மாதிரியே இல்லையேம்மா."

"போட்டோ எடுத்தீங்களா?"

"முழுப் படமா எடுத்தோம். அதுல கிறுக்கல் அவ்வளவா விழலை."

மூன்று வாரம் உட்கார்ந்தாராம்! நாற்காலி போட்டு உட்கார்ந்து அழித்திருக்கிறார், நின்றுகொண்டே எழுதிய எழுத்தை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கழுகு, பில் சீட்டு, இடது கை, வயிறு. என் குரல் கூடத்து விருந்தினர்கள் வரை கேட்டிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, தெரியாமப் போச்சே" என்றார். வேண்டுமென்றே செய்தார்களா என்று நானும் முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை. அந்த மனிதருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு வரியையாவது கண்ணைச் சுருக்கிப் படித்திருக்கலாமே. காப்பி குடித்துவிட்டுப் போன ஆய்வாளருக்கே படிக்க முடிந்ததே!

"கையேட்டுல ஒரு குறிப்பு சேர்த்துடறோம்" என்றார். குறிப்பாம்! இருபத்து மூன்று பேரில் நெட்டை உட்பட எட்டுப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் இந்த உலகத்தில் தங்கள் வேலையைப் பற்றி எழுதியது அந்த ஒரு வரிதான்.

இரண்டு நாள் வீட்டில் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறிப் போனேன். கூடம் காலியாக இருந்தது. சாம்பல் சீருடையில் ஒரு காவல் பெண் மட்டும் வாசலில் நின்றிருந்தாள். என் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள், அழகான குண்டு குண்டு எழுத்து. நான் நேரே நடந்து, சுவரொட்டிக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தேன்.

"அம்மா, கயித்துக்கு உள்ள போகக் கூடாது" என்று பின்னாலேயே வந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும்.

"நீ எத்தனை மணிக்கு வந்தே?"

"ஒன்பதுக்கு."

"எப்போ உட்கார்ந்தே?"

அவள் மேலே பார்த்தாள். மூலையில் கேமரா இருந்தது. "இங்க உட்கார விடமாட்டாங்கம்மா. பெஞ்சு பார்க்க வர்றவங்களுக்கு மட்டும்தான்." சொல்லிவிட்டு எங்களுக்கு எதிரே இருந்த ஒன்பது ரோஜா நிற நாற்காலிகளைப் பார்த்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் காவல் காப்பது அவற்றைத்தான்.

மளிகைச் சீட்டு எழுதுகிற துண்டுப் பென்சில் என் பையில் எப்போதும் இருக்கும். எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த வெள்ளையில் இடது கையால் எழுதினேன். "எட்டாம் மாசம். சாயச் சுவர்கூட இல்லை." அதற்குப் பக்கத்தில் நெட்டையின் நாயையும் எழுதினேன். இருபத்தேழு வருஷத்தில் என் இடது கை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, அதே கோணல். அவள் என் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. ஆனால் நகர்ந்து வந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி, என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள்.

"யாருக்கும்மா எட்டாம் மாசம்?"

"எனக்குத்தான். அப்போ வயித்துல இருந்தவளுக்கு இப்போ இருபத்தேழு வயசு."

அவள் கையை நீட்டினாள். பென்சிலைக் கொடுத்தேன். தாளுக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தி, வாசலில் தன் எழுத்து நிறைந்திருந்த நோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

இடது கையைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.